கெண்டிக்கு அடியில் நீலத் துணி

இங்கிலாந்தின் வடக்கே ஸ்கார்பெக் என்று ஓர் ஊர். அந்த ஊர்க் கால்பந்துக் கழகத்தில் ஒரு தேநீர்க் கெண்டி இருந்தது. அங்கே தேநீர் போட்டுவந்த டோரீனைக் கெண்டி கடைசியாக உயிரோடு பார்த்தது ஒரு பிப்ரவரி மாதத்துச் சனிக்கிழமை, பிற்பகல் நான்கு மணி சுமாருக்கு.

ஆட்டத்தின் இரண்டாம் பாதி தொடங்கியிருந்தது. வெளியே நாலாயிரம் பேரின் சத்தம். உள்ளே, சமையலறைத் தொட்டியருகே, டோரீன் கெண்டியை வெந்நீரில் கழுவினாள். கவிழ்த்து நீர் வடித்தாள். அடிப்பாகத்தைத் துடைத்தாள். பிறகு நிமிர்த்தி, நான்காக மடித்த ஒரு நீலத் துணியின்மேல் உட்காரவைத்தாள். முப்பத்தொரு வருடமாக அப்படித்தான் செய்துவந்தாள்.

"ரெண்டு கோல் வாங்கிட்டோம், ராசா," என்றாள். "போகட்டும். அடுத்த ஆட்டத்துல பார்ப்போம்."

கோட்டை மாட்டிக்கொண்டு கதவைச் சாத்தினாள். மேல் பொத்தான் போடாமல் இருந்தது. அதைச் சொல்லவேண்டும் என்று கெண்டிக்குத் தோன்றியது. ஆனால் மனிதர்களுக்குக் கேட்கும்படி பேச அதற்கு வாய் கிடையாது. மூக்குதான் உண்டு.

அடுத்த ஆட்டத்துக்கு டோரீன் வரவில்லை. செவ்வாய்க்கிழமை தூக்கத்திலேயே போய்விட்டாள் என்று பால்காரர் வாசலில் நின்று யாரிடமோ சொன்னது கெண்டிக்குக் கேட்டது.

அவள் செய்துவந்த வேலை என்னவென்று சொன்னால்தான் அந்த ஊரும் கழகமும் புரியும்.

ஸ்கார்பெக் ஒரு காலத்தில் எனாமல் பாத்திரங்களுக்குப் பேர்போன ஊர். பாத்திரத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர்கள் சேர்ந்து 1889இல் கழகத்தைத் தொடங்கினார்கள். அதனால் கழகத்தின் சின்னமே ஒரு கெண்டி. மற்ற ஊர்களுக்குச் சிங்கமும் கழுகும் கோட்டையும் சின்னமாக இருக்க, இவர்களுக்கு மட்டும் நீலப் பின்னணியில் வெள்ளைக் கெண்டி. எதிரணி ரசிகர்கள் சிரிப்பார்கள். இவர்களும் கூடவே சிரிப்பார்கள்.

1911இல் வீரர்கள் உடை மாற்றும் அறைகளைக் கட்டத் தீர்மானித்தார்கள். சமையலறை மைதானத்தின் மேற்கில் இருந்தது. அறைகள் அதற்குப் பக்கத்தில் வரவேண்டும். வரைபடத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு கிழக்கில் கட்ட ஆரம்பித்துவிட்டார்கள். யாரோ கவனித்தபோது சுவர் இடுப்புயரம் வந்துவிட்டது. கமிட்டிக்காரர்கள் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்கள். கடைசியில் தலைவர் சொன்னாராம்: "கட்டினது கட்டினதுதான். தேநீர் நடந்து வரட்டும்."

அன்றுமுதல் ஒவ்வொரு இடைவேளையிலும் தேநீர் நடந்து போயிற்று. மேற்கு ஓரத்திலிருந்து கிழக்கு ஓரம்வரை, நடுக்கோட்டின்மேல், டோரீனின் காலுக்கு நூற்றுநான்கு அடி. கெண்டி ததும்பக்கூடாது என்பதற்காக அவள் நடந்து முடிக்கும்வரை மைதானத்தில் ஒருவரும் பேசமாட்டார்கள். வெளியூரிலிருந்து வந்தவர்களும் பேசமாட்டார்கள். தேநீர்த் தட்டு அந்தப் பக்கம் படியில் ஏறியதும் ஒரு பெரிய ஆரவாரம் எழும். கோலுக்குக்கூட அப்படி எழாது.

இன்னொரு வழக்கமும் இருந்தது. முதல் கோப்பை எப்போதும் எதிரணிக்கு. ஏன் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. "அப்படித்தான்," என்பார்கள்.

டோரீனின் கணவர் சிரில்தான் மைதானத்தைப் பராமரிப்பவர். சனிக்கிழமை காலையில் அவர் சுண்ணாம்பால் நடுக்கோடு போடுவார். பிற்பகலில் அவள் அதன்மேல் நடப்பாள். வீட்டில் இருவரும் எப்படிப் பேசிக்கொண்டார்கள் என்று கெண்டிக்குத் தெரியாது. கோடு மட்டும் கோணியதே இல்லை.

டோரீன் அடக்கமாகி ஒன்பதாம் நாள் ஊரில் ஆட்டம். கழகச் செயலாளர் சமையலறைக்கு வந்தார். சிரில் அங்கே நின்றுகொண்டிருந்தார். அடுப்பில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது.

"சிரில், ஒரு ஆட்டத்துக்குத் தேநீர் இல்லாட்டி ஒண்ணும் ஆகாது. வீட்டுக்குப் போங்க."

"கோடு போட்டாச்சுங்க," என்றார் சிரில். "யாராவது நடக்கணுமில்ல?"

செயலாளர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

சிரில் தட்டைத் தூக்கியபோது அது ஒரு பக்கமாகச் சாய்ந்தது. தட்டின்மேல் மூன்று பேர் பயணம்: கெண்டி, சர்க்கரை டப்பா, பால் குவளை. சர்க்கரை டப்பா பேசாது. பால் குவளை பேச்சை நிறுத்தாது. வருடத்துக்கு ஒரு குவளை உடையும். இது அந்த வருடம் வந்தது.

"கொட்டப்போறாரு! ஐயோ, கொட்டப்போறாரு!" என்றது குவளை.

"வாயை மூடு," என்றது தகரத் தட்டு. அங்கிருந்தவர்களிலேயே வயதான ஆள் அதுதான். "அவர் நடக்கட்டும். நான் பிடிச்சுக்கறேன்."

கெண்டி தன் வயிற்றிலிருந்த தேநீரை அசையாமல் வைத்திருக்கப் பார்த்தது. இருபதாவது அடியில் ஒரு வாய், அறுபதாவது அடியில் ஒரு வாய் சிந்தியது. கூட்டத்தில் ஒரு இருமல்கூட இல்லை. கிழக்குப் படிக்கட்டில் எதிரணியின் கோல்காப்பாளன் கதவைத் திறந்துபிடித்து நின்றான். முதல் கோப்பையை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். அவனுக்குத் தேநீர் பிடிக்காது என்பது அவன் முகத்திலேயே தெரிந்தது. முழுவதையும் குடித்தான்.

திரும்பி வந்ததும் சிரில் கெண்டியைக் கழுவினார், கவிழ்த்தார், துடைத்தார். அந்த நீலத் துணியைத் தேடி எடுத்து, அதே மாதிரி நான்காக மடித்து, அதன்மேல் வைத்தார்.

கெண்டி பெருமூச்சு விட்டது. அதன் ரகசியம் பத்திரமாக இருந்தது.

அந்த ரகசியம் இதுதான். கெண்டி ஸ்கார்பெக்கில் பிறந்ததல்ல. அதன் அடிப்பாகத்தில் கறுப்பு எழுத்தில் ஒரு முத்திரை இருந்தது: ஹக்ஸ்டன்.

ஹக்ஸ்டன் என்பது ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஊர். அங்கேயும் பாத்திரத் தொழிற்சாலை, அங்கேயும் ஒரு கழகம். இரண்டு ஊருக்கும் ஆகவே ஆகாது. ஹக்ஸ்டன் அணி ஆட வந்தால் ஸ்கார்பெக் ரசிகர்கள் எழுந்து நின்று பாடுவார்கள்:

"ஹக்ஸ்டன் பாத்திரம் ஒழுகும், ஒழுகும்!
ஊத்துற தேத்தண்ணி ஷூவுல வழியும்!"

அந்தப் பாட்டு நடக்கும்போதெல்லாம் கெண்டி மூடியை இறுக்கிக்கொள்ளும். எப்படி இங்கே வந்தோம் என்று அதற்குத் தெரியாது. வைக்கோலுக்குள் கண்ணை மூடிக்கொண்டு வந்தது; கண் திறந்தபோது இந்த அடுப்பு. பல காலம் முத்திரையின்மேல் கரி படிந்து கிடந்ததால் யாரும் அதைப் பார்க்கவில்லை. டோரீன் வேலைக்கு வந்த முதல் நாள் சாம்பல் போட்டுக் கரியைத் தேய்த்தாள். எழுத்து வெளியே வந்தது. அவள் படித்தாள். உரக்கச் சிரித்தாள். அடிப்பாகத்துக்கு அருகே குனிந்து ஏதோ சொன்னாள். கெண்டியின் காது மூடிக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது, சரியாகக் கேட்கவில்லை.

அடுத்த ஆட்டத்தன்று நீலத் துணி வந்தது.

என் மானத்தைக் காப்பாற்றுகிறாள் என்று கெண்டி எடுத்துக்கொண்டது. முப்பத்தொரு வருடம் அதற்காக அவளிடம் நன்றியோடு இருந்தது. ஆனால் அந்த நன்றிக்குள் ஒரு முள் குத்திக்கொண்டே இருந்தது. மறைக்கவேண்டிய ஒன்று உன்னிடம் இருக்கிறது என்று ஒவ்வொரு சனிக்கிழமையும் அந்தத் துணி அதற்கு நினைவூட்டியது. துணியிடம் கேட்டும் பார்க்கமுடியாது. ஈரத்தைக் குடித்துவிட்டுத் தூங்கிவிடும்.

அந்தக் கோடையில் கழகம் கைமாறியது. புதிய உரிமையாளர் ஊருக்கு வெளியே, நெடுஞ்சாலை ஓரத்தில், ஒரு புதிய மைதானம் கட்டப்போவதாக அறிவித்தார். பழைய மைதானத்தில் இன்னும் ஒரே ஒரு வருட ஆட்டம்; புதியது கட்டி முடியும்வரை வெளியூர் மைதானத்தில் ஆடிக்கொள்வார்களாம். புதிய இடத்தில் வரலாற்று அறை ஒன்று இருக்குமாம். அதை அமைக்க மிஸ் டாலிமோர் என்ற அம்மாள் வந்து போய்க்கொண்டிருந்தார். கழுத்தில் ஒரு பூதக்கண்ணாடி தொங்கும்.

ஒருநாள் அவர் சமையலறைக்கு வந்து, ஒரு அட்டையைக் கெண்டியின்மேல் சாய்த்துவைத்து, தள்ளி நின்று அழகு பார்த்தார். அட்டையில் எழுதியிருந்தது: 'கழகத்தின் முதல் கெண்டி. 1889. ஸ்கார்பெக்கில் ஸ்கார்பெக் கைகளால் செய்யப்பட்டது.'

"கண்ணாடிப் பெட்டிக்குள்ள நடுநாயகமா இருக்கும்," என்றார் செயலாளரிடம். "வியாழக்கிழமை முழுசாப் பரிசோதிச்சுப் பதிவு பண்ணிடறேன். மேலே, உள்ளே, அடியிலே, எல்லாம்."

அடியிலே என்ற சொல்லைக் கேட்டதும் கெண்டிக்கு உள்ளே இருந்த கொஞ்சநஞ்சச் சூடும் ஆறிப்போயிற்று.

அவர் போனதும் சுவரில் மாட்டியிருந்த கழகச் சின்னம் தொண்டையைச் செருமியது. மரப்பலகையில் வரைந்த வெள்ளைக் கெண்டி அது. எப்போதும் கொஞ்சம் மிதப்பு.

"என்னப்பா முகம் வெளுத்துப்போச்சு?" என்றது. "என்னைப் பாரு. நூறு பரிசோதனை வரட்டும். எனக்குக் கவலையே இல்லை."

"உனக்கென்ன," என்றது கெண்டி. "உனக்கு அடிப்பாகமே கிடையாது."

"அதனாலதான் என்னைக் கொடியில போடறாங்க. உன்னை அடுப்புல போடறாங்க."

பால் குவளைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நான் எங்கே செஞ்சதுன்னு எனக்கே தெரியாது, பெரியவரே. கப்பல்ல வந்தேன். வழியெல்லாம் இருட்டு. அதுக்காக நான் பால் ஊத்தலையா?"

"உன்னைப்பத்தி யாரும் பாட்டுக் கட்டலையே," என்றது கெண்டி.



 தன்னைத் தூக்கி எறிவார்கள் என்ற பயம் கெண்டிக்கு ஒருபக்கம். அதைவிடப் பெரிய பயம் இன்னொன்று. முப்பத்தொரு வருடம் டோரீன் ஹக்ஸ்டன் பாத்திரத்தில் தேநீர் ஊற்றினாள், தெரிந்தே மறைத்தாள் என்று ஊர் பேசும். போனவளால் வந்து பதில் சொல்லமுடியாது. சிரில் தலைகுனிந்து நடப்பார். அந்த நூற்றுநான்கு அடியை இனி யாரும் வாய்மூடிப் பார்க்கமாட்டார்கள்.

கடைசியில் அது தட்டின் பக்கம் திரும்பியது.

"நீ எனக்கு முந்தியே இங்கே இருக்கிறாய். ஒன்று கேட்கட்டுமா? நான் இங்கே எப்படி வந்தேன்? திருட்டுப் பொருளா?"

"திருட்டா?" தட்டு ஒருமுறை கலகலத்தது. "ஏம்ப்பா, இத்தனை காலம் அதைத்தான் நினைச்சுக்கிட்டு இருந்தியா?"

"நீ சொல்லவில்லையே."

"நீ கேக்கலையே."

பிறகு தட்டு சொன்னது.

"அறைகளைத் தப்பாக் கட்டின அந்த வருஷம்தான் தேநீர் முதல்தடவை நடந்து போச்சு. அப்ப வேற கெண்டி. அது இந்த ஊர்ச் சரக்குதான், நல்ல கனம். பெர்த்தான்னு ஒரு பொண்ணு தூக்கிட்டுப் போனா. மழை பெஞ்ச தரை. நடுவட்டத்துக்குள்ள கால் வழுக்கி விழுந்தா பாரு, நான் ஒரு பக்கம், கெண்டி ஒரு பக்கம். கைப்பிடி போச்சு, மூக்கு போச்சு. கூட்டம் முழுக்கச் சிரிச்சுது. இந்த ஊர்க்காரங்களும்தான் சிரிச்சாங்க. அவ சேத்துல உக்காந்து அழுதா.

"அன்னிக்கு ஆட வந்தது ஹக்ஸ்டன். அவங்க ஆளுங்க ரெண்டு பேர் வந்து அவளைத் தூக்கிவிட்டாங்க. ரெண்டு வாரம் கழிச்சு ஒரு மரப்பெட்டி வந்துச்சு. வைக்கோலுக்குள்ள நீ. கூட ஒரு சீட்டு. 'போனதடவை எங்களுக்குத் தேநீர் கிடைக்கவில்லை. அடுத்ததடவை கிடைக்கும் என்று நம்புகிறோம். ஹக்ஸ்டன் அணியினர்.' அவ்வளவுதான் எழுதியிருந்துச்சு. பெர்த்தா படிச்சுட்டுச் சிரிச்சா. முதல் கோப்பை வந்தவங்களுக்குத்தான்னு அவதான் ஆரம்பிச்சா."

"பிறகு ஏன் யாருக்கும் தெரியவில்லை?"

"சீட்டைச் சுவர்ல ஆணியடிச்சு வச்சிருந்தாங்க. அதைப் படிச்ச பசங்க மூணு வருஷத்துல போருக்குப் போனாங்க. திரும்பி வந்தவங்க கொஞ்சம். வந்தவங்களும் பழசைப் பேசலை. ஒரு கோடையில சுவருக்கு வெள்ளையடிச்சாங்க. சீட்டோட சேர்த்து அடிச்சுட்டாங்க."

கெண்டி அந்த வெள்ளைச் சுவரைப் பார்த்தது.

"நீ ஒருத்தன்தான் வெளியாள்னு நினைச்சியா?" என்று தட்டு தொடர்ந்தது. "நம்ம நீலச் சட்டை ஒரு தேவாலயத்துப் பாடகர் குழு கழிச்சுப்போட்டது. முதல் கோல் கம்பம் சுரங்கத்துக்காரங்க கொடுத்த மரம். முதல் பந்து ஒரு பாதிரியார் கொடுத்தது. இந்தக் கழகத்துக்காரங்க சொந்தமாச் செஞ்சது ஒண்ணே ஒண்ணுதான். சமையலறையை விட்டுட்டு எதிர்ப்பக்கம் கட்டினது."

கெண்டிக்கு மனம் லேசாயிற்று. உடனே மறுபடி கனத்தது. "நமக்குத் தெரிந்து என்ன? மனிதர்களுக்கு யார் சொல்வது? வியாழக்கிழமை அந்த அம்மாள் பார்க்கப்போவது எழுத்தை மட்டும்தானே."

 தட்டு தட்டையாகக் கிடந்தது.

வியாழக்கிழமை மிஸ் டாலிமோர் வந்தார். சிரிலும் வந்து கதவோரமாக நின்றார், தொப்பி கையில். அந்த அம்மாள் மூடியைத் திறந்து பார்த்தார். மூக்கை அளந்தார். கைப்பிடியைத் தட்டிப் பார்த்தார். "அழகு, அழகு," என்றார். பிறகு கெண்டியைத் தூக்கி, துணியை ஒதுக்கி, கவிழ்த்தார்.

பூதக்கண்ணாடி அருகே வந்தது. கெண்டி கண்ணை மூடிக்கொண்டது.

"மிஸ்டர் அக்ராய்ட்," என்றார் அந்த அம்மாள் சிரிலைப் பார்த்து, மெதுவாக. "இது ஹக்ஸ்டன் சரக்கு."

"ஆமாங்க," என்றார் சிரில்.

"உங்களுக்குத் தெரியுமா?"

"முப்பத்தொரு வருஷமாத் தெரியும். வேலைக்குச் சேர்ந்த அன்னிக்கு ராத்திரிச் சாப்பாட்டுல டோரீன் சொன்னா. சிரிச்சுச் சிரிச்சுப் புரையேறிப்போச்சு அவளுக்கு."

"அப்புறம் அதை மறைச்சு வச்சுட்டீங்க." மிஸ் டாலிமோர் நீலத் துணியை விரலால் காட்டினார்.

சிரிலுக்கு அது புரியவே கொஞ்ச நேரம் பிடித்தது.

"மறைச்சா? இல்லைங்க, இல்லை. அந்த மேசை கல்லு. அதுமேல இழுத்து இழுத்து வச்சா எழுத்துத் தேஞ்சுபோகும். தேயக்கூடாதுன்னுதான் துணி போட்டா. தன் பழைய கவுனைக் கிழிச்சுப் போட்டா. 'எங்கேயிருந்து வந்தோம்னு அதுக்குன்னு ஒரு எழுத்து இருக்கு, சிரில். அதைத் தேய்ச்சுடக்கூடாது'ன்னு சொன்னா."

அவர் தொப்பியை ஒருமுறை சுற்றினார்.

"அவளும் ஹக்ஸ்டன்காரிதாங்க. அங்கேதான் பொறந்தா. என்னைக் கட்டிக்கிட்டு ஆத்தைத் தாண்டி வந்தா. இங்கே யாருக்கும் தெரியாது, யாரும் கேட்டதில்லை. இந்தக் கெண்டியைக் கவிழ்த்துப் பார்த்த அன்னிக்கு அதுகிட்டே சொன்னாளாம்: 'அப்படின்னா நாம ரெண்டு பேர் ஆச்சு.'"

கெண்டி கண்ணைத் திறந்தது. அன்று அடிப்பாகத்தருகே கேட்காமல் போன சொற்கள் அவைதான்.

அந்தப் பாட்டை அது நினைத்துப்பார்த்தது. ஹக்ஸ்டன் பாத்திரம் ஒழுகும், ஒழுகும். ஒவ்வொரு வருடமும் டோரீன் கையில் தட்டோடு அந்தப் பாட்டு ஓயும்வரை கோட்டோரத்தில் நிற்பாள். தான் மூடியை இறுக்கிக்கொண்டிருந்த அதே நேரம் அவள் என்ன செய்துகொண்டிருந்தாள்? ஒருமுறை நிமிர்ந்து பார்த்தது நினைவுக்கு வந்தது. அவள் உதடு அசைந்துகொண்டிருந்தது. அவளும் கூடவே பாடிக்கொண்டிருந்தாள்.

"அப்போ இதைக் கண்ணாடிப் பெட்டியில வைக்கமுடியாது," என்றார் மிஸ் டாலிமோர் வருத்தத்தோடு. "முதல் கெண்டியும் இல்லை, ஸ்கார்பெக் கெண்டியும் இல்லை."

"ரொம்ப நல்லதுங்க," என்றார் சிரில். "அப்போ சனிக்கிழமை தேநீருக்கு எடுத்துட்டுப் போறேன்."

மிஸ் டாலிமோர் நல்ல மனுஷி. பார்த்ததைப் பார்த்தபடி எழுதுகிறவர். பழைய மைதானத்தின் கடைசி ஆட்டத்துக்கு அச்சடித்த புத்தகத்தில், நடுப்பக்கத்தில், கெண்டியைக் கவிழ்த்து எடுத்த படத்தைப் போட்டுவிட்டார். கீழே நான்கே வரி. எழுத்து, அந்தத் துணி, டோரீன்.

அந்தக் கடைசி ஆட்டத்துக்கு வந்தது ஹக்ஸ்டன்தான்.

இடைவேளையில் சிரில் தட்டோடு கோட்டோரத்தில் வந்து நின்றார். வடக்குப் பக்கத்து ரசிகர் மேடையில் பழக்கதோஷத்தில் பாட்டு கிளம்பியது. "ஹக்ஸ்டன் பாத்திரம்..." என்று ஆயிரம் தொண்டை எடுத்தது. அடுத்த சொல் வரவில்லை. எல்லாரும் புத்தகத்தைப் படித்திருந்தார்கள். பாதிப் பாட்டு அப்படியே அந்தரத்தில் நின்றது.

அந்த அமைதியில் மேடையின் உச்சியிலிருந்து ஒரு கட்டைக் குரல் கேட்டது: "அடப்பாவிகளா, அது ஒழுகலைடா! நூறு வருஷமா ஒழுகலை!"

முதலில் ஹக்ஸ்டன் பக்கம் சிரித்தது. பிறகு இந்தப் பக்கம். மைதானம் முழுவதும் சிரித்தது. பெர்த்தா விழுந்த அன்று சிரித்த சிரிப்பு வேறு, இது வேறு என்று தட்டு பிறகு குவளையிடம் சொன்னது. சிரிலும் சிரித்தார். தட்டு குலுங்கிற்று. ஒரு துளி சிந்தவில்லை.

அவர் முதல் அடி வைத்ததும் சத்தம் அடங்கியது.

கெண்டி அன்று மூடியை இறுக்கிக்கொள்ளவில்லை. ஆவி தாராளமாக மேலே போயிற்று. நடுவட்டத்தில் சிரில் மூச்சு வாங்க ஒரு கணம் நின்றார். அது எந்த இடம் என்று அவருக்குத் தெரியாது. தட்டுக்குத் தெரியும். "இங்கேதான்," என்றது மெதுவாக. கெண்டி கீழே பார்த்தது. காலையில் போட்ட சுண்ணாம்பு, மிதிபட்ட புல். வேறொன்றும் இல்லை. அந்த இடத்துக்கு அது மனதுக்குள் நன்றி சொல்லிக்கொண்டது. விழுந்தவளுக்கும், தூக்கிவிட்டவர்களுக்கும், சீட்டெழுதிய கைக்கும். சாம்பல் போட்டுத் தேய்த்தவளுக்குச் சொல்ல வந்தபோது சொல் கிடைக்கவில்லை. சிரில் மறுபடி நடந்தார்.

படிக்கட்டில் ஹக்ஸ்டன் அணியின் உடைகளைப் பார்த்துக்கொள்ளும் வயதானவர் நின்றிருந்தார். முதல் கோப்பையை வாங்கிக்கொண்டு சொன்னார்: "எங்க ஊர்ப் பொண்ணு நல்லாத்தான் பார்த்துக்கிட்டா உங்களை."

"ஆமாப்பா," என்றார் சிரில். "நல்லாத்தான் பார்த்துக்கிட்டா."

ஆட்டத்தில் ஹக்ஸ்டன் ஜெயித்தது.

புதிய மைதானத்தின் வரைபடத்தோடு கட்டடக்காரர் ஊருக்கு வந்தது அதற்கடுத்த மாதம். ரசிகர்கள் சமையலறை நீள மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். கெண்டி எல்லாருக்கும் ஊற்றிக்கொண்டிருந்தது. ஏதாவது ஒரு மாற்றம் கேட்கலாம், ஒன்றே ஒன்று, என்று உரிமையாளர் அனுமதி கொடுத்திருந்தார். ஒருவர் கூரை வேண்டும் என்றார். ஒருவர் நீலம் இன்னும் கொஞ்சம் அடர்த்தியாக வேண்டும் என்றார். சின்னத்தைச் சிங்கமாக்கிவிடாதீர்கள் என்று ஒரு பெண் சொன்னாள். சுவரிலிருந்த சின்னம் அதைக் கேட்டு முதல்முறையாக வியர்த்தது.

சிரில் எழுந்தார்.

"சமையலறை தப்பான இடத்துல இருக்குதுங்க."

கட்டடக்காரர் குனிந்து பார்த்தார். "இல்லையே ஐயா. வீரர்கள் அறைக்குப் பக்கத்துக் கதவு. பதினோரு அடிதான். அதுதான் சரியான இடம்."

"அதைத்தான் தப்புங்கறேன்."

ஒரு நொடி யாருக்கும் புரியவில்லை. அடுத்த நொடி எல்லாருக்கும் புரிந்தது. மேசையைச் சுற்றி ஒவ்வொரு கையாக உயர்ந்தது. கூரை கேட்டவர் கையும், நீலம் கேட்டவர் கையும். கட்டடக்காரர் முப்பது வருடம் படித்ததெல்லாம் வீண் என்பதுபோல ஒரு பார்வை பார்த்தார். பிறகு ரப்பரை எடுத்து, கிழக்கிலிருந்த சமையலறையை அழித்து, மேற்கே கொண்டுபோய் வரைந்தார்.

"தலைகீழாப் பிடிச்சுப் பாருங்க," என்றார் யாரோ. "கை தானா வரும்."

பால் குவளை அன்று சிரித்த சிரிப்பில் விளிம்பில் கீறல் விழுந்துவிட்டது. அது அந்த வருடத்தோடு போயிற்று. அடுத்து வந்த குவளையும் வாயாடிதான்.

பழைய மைதானம் இருந்த இடத்தில் இப்போது நாற்பது வீடுகள் இருக்கின்றன. சிரில் ஆறு வருடம் நடந்தார். இப்போது வேறொருவர் நடக்கிறார். டோரீனின் கவுனிலிருந்து கிழித்த துணி நைந்துபோய், இரண்டுமுறை மாற்றியாகிவிட்டது.

கெண்டியைக் கவிழ்த்தால் எழுத்து முழுவதும் தெரிகிறது.